தனி வகுப்பு எதற்கு?

குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கிறது சாந்திவனம். பிரான்ஸிலிருந்து வந்த ஜூல்ஸ் மோன்சானின் என்ற குருவும், ஆன்றி லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவியும் 1950-இல் தொடங்கிய ஆசிரமம். 1968-இல் வந்து சேர்ந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. இன்று இதைப் போன்ற பெனடிக்ட் மடங்கள் பல நாடுகளிலும் தியான முகாம், பயிலரங்கு என்று நடத்துகின்றன. மடம் நடக்கப் பணம் வேண்டும். கட்டணம் வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடிந்தது முதல் இரவு வரை வகுப்புகளால் நிரப்பினால், அலுவலகப் பயிற்சி முகாமுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குவிதி, வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. துறவியின் நாளை ஜெபம், வாசிப்பு, உடலுழைப்பு என வகுத்தும் தருகிறது. அந்த நாளுக்குள் விருந்தினரையும் சேர்த்துக்கொண்டால் போதும். அதைவிடச் சிறந்த பயிலரங்கு கிடையாது. மடத்துக்குப் போகிறவர்களே, நிகழ்ச்சி நிரலைக் கேட்காதீர்கள். ஜெப மணி எப்போது அடிக்கும் என்று மட்டும் கேளுங்கள்.