கழுவாத படம் ஏது?

ஃபிலிம் கேமரா திரும்ப வந்துவிட்டது. அப்பாவின் பீரோவில் கிடந்த யாஷிகாவைத் தூசி தட்டி எடுத்து, யானை விலைக்கு ஒரு ரோல் வாங்கிப் போட்டு, எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிற பிள்ளைகள் மறக்காமல் அடியில் ஒரு வரி எழுதுகிறார்கள்: ‘எடிட் செய்யாதது.’ பெரியவர்கள் வந்து ஆமோதிக்கிறார்கள். அந்தக் காலத்தில் இருந்ததை இருந்தபடி எடுத்தோம், ஃபோட்டோஷாப் வந்துதான் எல்லாம் கெட்டது என்று. போட்டி நடத்தும் சங்கங்களும் விதிமுறையில் ‘எவ்விதத் திருத்தமும் கூடாது’ என்று சேர்த்துவிட்டு, நேர்மையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இருக்கின்றன.

தொடாத படம் சுத்தம், தொட்ட படம் பொய் என்கிற இந்த நம்பிக்கை அடியோடு தவறு. வெறும் தவறாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தொழிலைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதை ஒழுக்கமாக மாற்றிக் காட்டுவதுதான் இதில் உள்ள தொல்லை.

அந்த ‘எடிட் செய்யாத’ ஃபிலிம் படத்தையே எடுத்துக்கொள்வோம். கலர் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழுக்க ஆரஞ்சு ஏறிக் கிடக்கும். வெள்ளை வேட்டி கறுத்திருக்கும், கறுப்பு முடி வெளிறியிருக்கும், நெல் வயல் மெஜந்தாவுக்குப் போயிருக்கும். சாயங்களில் உள்ள குறையை ஈடுகட்ட ஃபிலிம் தயாரிப்பவர்களே வேண்டுமென்று ஏற்றிவைத்த ஆரஞ்சு அது. அதைக் கழித்து, நிறங்களைத் தலைகீழாக்கி, எது வெள்ளை எது சாம்பல் என்று யாராவது முடிவு செய்தால்தான் பார்க்கிற மாதிரி ஒரு படம் பிறக்கும். அந்த யாராவது, லேபில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருள். மஞ்சள் கொஞ்சம் கூட்டு, சயான் கொஞ்சம் குறை என்று அங்கே தட்டியதுதான் உங்கள் கைக்கு வருகிறது. ஒரே நெகட்டிவை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு விதமான மாலை வெயில் வரும். இதில் அசல் எது? ‘எடிட் செய்யாதது’ என்று எழுதுகிறவர் உண்மையில் சொல்வது, எடிட் செய்தவர் யாரென்று தனக்குத் தெரியாது என்பதைத்தான்.

டிஜிட்டலிலும் கதை இதுவே. சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து கேமரா ஊகித்துப் போடுகிறது. அதாவது உங்கள் படத்தில் உள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டு வந்தது. அதற்குப் பிறகுதான் கான்ட்ராஸ்ட், கூர்மை, ‘நாய்ஸ்’ நீக்கம் எல்லாம் நடந்து ஜேபெக் வெளியே வருகிறது. கேமராவிலிருந்து வந்ததை அப்படியே போட்டேன் என்று பெருமைப்படுகிறவர், முகம் தெரியாத ஓர் எஞ்சினியரின் ரசனையைத் தன் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லையே என்பவர்களுக்கு அந்தக் காலத்தையே காட்டலாம். லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றிக் கோயில்களைப் படமெடுத்தார். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். அந்நாளைய வேதிப்பூச்சு நீல ஒளியைக் கண்டால் வெறிபிடித்துப் பதிவு செய்யும். சிவப்பையும் பச்சையையும் அநேகமாகக் கண்டுகொள்ளாது. ஆகவே கோபுரம் சரியாக விழும்போது வானம் வெறிச்சென்றோ திட்டுத்திட்டாகவோ போய்விடும். டிரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகம் வரைந்தார். மரங்களின் இலைகளுக்குத் தெளிவு கூட்டினார். இத்தனைக்கும் அவை கலைக்காட்சிக்கு எடுத்தவை இல்லை; அரசாங்க ஆவணங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 பிரின்ட்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவரும் அவரே. இன்றைய போட்டி விதிப்படி பார்த்தால் அந்த மனிதருக்கு நுழைவுச் சீட்டே கிடைக்காது.

நம்மூர் ஸ்டுடியோக்களுக்கு வருவோம். ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் தயாரான காலத்தில், ஃபிலிம் கழுவிக் காய்ந்ததும் பிரின்டுக்குப் போய்விடாது. நடுவில் ‘டச்சிங்’ மேஜை இருக்கும். சாய்த்து வைத்த கண்ணாடி, பின்னாலிருந்து வெளிச்சம், ஊசி முனையாகச் சீவிய பென்சில். நெகட்டிவில் முகத்துச் சுருக்கமும் பருவும் கண்ணுக்கடியில் உள்ள கருவளையமும் வெளிறிய கோடாகவும் புள்ளியாகவும் தெரியும். அவற்றின் மேல் பென்சிலால் நுணுக்கி நுணுக்கித் தடவினால் அந்த இடத்தில் ஒளி தடைபடும். பிரின்டில் அது வெளுத்து, சுற்றியுள்ள தோலோடு கலந்துவிடும். கல்யாணத்துக்குப் பார்க்கும் பெண்ணின் படம் அந்த மேஜையைத் தாண்டாமல் வெளியே வந்ததே இல்லை என்று சொல்லலாம். அது சோப்பு விளம்பர வெளுப்பு. அதை நான் மெச்சவில்லை. ஆனால் ‘இருந்ததை இருந்தபடி’ என்று தாத்தா காலத்தைச் சொல்கிறவர், தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பாட்டியின் கன்னத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும்.

பென்சில் வைக்காத படமாவது நடுநிலையானதா என்றால் அதுவும் இல்லை. கோடாக், லேப்களில் நிறம் சரிபார்க்க அனுப்பிவைத்த அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று இயந்திரத்தை அமைத்தார்கள். வெள்ளை முகமும் கறுத்த முகமும் ஒரே படத்தில் இருந்தால், கறுத்த முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சின. நம் தோல் நிறத்துக்கு எதிரான முடிவு ஷட்டரை அழுத்தும் முன்பே தொழிற்சாலையில் எடுக்கப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட ஃபிலிமில் விழுந்த கறுத்த முகத்தை, என்லார்ஜருக்கு அடியில் கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டால் சில விநாடிகள் மறைத்து, ஒளியைக் குறைத்து, அதன் அம்சத்தை மீட்டெடுத்த பிரின்டர் பொய் சொன்னாரா? தொடாமல் விட்டிருந்தால்தான் பொய்.

இனி இரண்டு நிலாக்களைப் பார்ப்போம். அமெரிக்கப் புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலா உதயப் படம் உலகப் புகழ் பெற்றது. ஒளிமானி அவசரத்துக்குக் கையில் அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று மனதில் இருந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு அழுத்தினார். கல்லறைச் சிலுவைகள் இருந்த முன்பகுதி நெகட்டிவில் சோகையாக விழுந்திருந்தது. 1948-ல் அந்தப் பகுதியை மட்டும் வேதிக் கரைசலில் நனைத்து அடர்த்தி ஏற்றினார். தொடக்க கால பிரின்ட்களில் வானத்தின் மேற்பகுதியில் மெல்லிய மேகங்கள் தெரியும். வருடங்கள் போகப்போக பிரின்டில் அந்த இடத்துக்குக் கூடுதல் ஒளி கொடுத்து ‘எரித்து எரித்து’, கடைசியில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாகிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரின்ட்கள் போட்டார். அந்த நெகட்டிவிலிருந்து சும்மா நேராக எடுத்த பிரின்டைப் பார்த்தால் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இன்னொரு நிலா, 2023-ல் வந்தது. நிலாவின் படத்தை ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் தள்ளி நின்று சாம்சங் அலைபேசியால் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்துவிட்டன. நிலாவை அடையாளம் கண்டு விவரம் கூட்டும்படி அலைபேசிக்குள் செயற்கை நுண்ணறிவை வைத்திருந்தார்கள். சங்கங்களின் விதிமுறைப்படி இரண்டு நிலாக்களையும் எடைபோடுங்கள். ராத்திரி பகலாக இருட்டறையில் நின்று, தான் செய்ததை எல்லாம் புத்தகத்தில் எழுதியும் வைத்த ஆடம்ஸ் தகுதியிழப்பார். பொத்தானை அழுத்தியதோடு சரி, ‘நான் எதுவுமே தொடவில்லை’ என்கிற அலைபேசிக்காரருக்குப் பரிசு கிடைக்கும்.

பத்திரிகைப் படத்துக்குத் தனி விதி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். 2003-ல் இராக்கின் பாஸ்ராவில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்கிய லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புகைப்படக்காரருக்கு வேலை போனது நியாயமே. நடந்ததன் சாட்சி என்று வாசகன் நம்பி வாங்கும் இடத்தில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் மோசடி. ஆனால் மோசடிக்கு ஃபோட்டோஷாப் தேவையே இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல், கெட்டிஸ்பர்க் களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் என்ற புகைப்படக்காரரின் குழு, இறந்த சிப்பாயின் உடலைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பாறை மறைவில் கிடத்தி, துப்பாக்கியைச் சாத்திவைத்துப் படமெடுத்தது. நெகட்டிவில் ஒரு கீறலும் கிடையாது. 2015-ல் வேர்ல்டு பிரெஸ் ஃபோட்டோ அமைப்பு, ஓர் இத்தாலியப் புகைப்படக்காரரின் பரிசைத் திரும்பப் பெற்றது. காரணம், பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரத்தில் என்று குறித்திருந்த ஒரு படம், உண்மையில் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுத்தது. படக்குறிப்புதான் பொய் சொன்னது. திருத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிற நடுவர் கண்ணில் இந்த இரண்டுமே படாது.

கல்லூரி புகைப்படக் குழுக்களில் நடப்பதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நானூறு வேக ஃபிலிமை ஆயிரத்து அறுநூறில் சுட்டு, டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டு, குறுணை எப்படித் தடிக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிற பையனுக்கு, ஸ்லைடு ஃபிலிமை நெகட்டிவ் கரைசலில் கழுவி நிறங்கள் முறுக்கிக்கொண்டு வருவதை ரசிக்கிற பெண்ணுக்கு, ‘இதெல்லாம் கோல்மால்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கற்றுக்கொள்வது, வேறு யாரோ தயாரித்த நிற அமைப்பான பிரீசெட்டை விலைக்கு வாங்குவதை.

சங்கத்துக்காரர்களே, ‘எவ்விதத் திருத்தமும் கூடாது’ என்ற அந்த ஒற்றை வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் படத்தோடு, கேமரா பதிவு செய்த ரா ஃபைலையோ நெகட்டிவையோ கூடவே அனுப்பச் சொல்லுங்கள். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். நடுவர்கள் மூலத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எழுத ஒன்றுமில்லை, அப்படியேதான் வந்தது என்று யாராவது வந்தால், எந்த லேப், எந்த ஸ்கேனர், நிறம் வைத்தது யார் என்று கேட்டுவிட்டு விண்ணப்பத்தை வாங்குங்கள்.