சாக்கடைக்குப் போகும் ரசாயனம்

நமது நாட்டுக் காலேஜுகளில் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ரசாயன சாஸ்திரம் படிக்கிறார்கள். அவர்களில் பலருடைய தாய் தகப்பன்மார் நிலத்தை அடமானம் வைத்தும், நகையை விற்றும் சம்பளம் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டுகிறவர்கள், தங்கள் பிள்ளை அங்கே சோதனைச் சாலையில் என்னதான் செய்கிறது என்று எப்பொழுதாவது விசாரித்ததுண்டா?

ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லுகிறார்கள். அது என்ன உப்பு என்பது கொடுத்த உபாத்தியாயருக்குத் தெரியும். போன வருஷத்துப் பையன்களுக்குத் தெரியும். அலமாரியைத் துடைக்கிற சிப்பந்திக்கும் அநேகமாகத் தெரியும். பிறகு ஆஸ்பிரின் செய்யச் சொல்லுகிறார்கள். அது நூறு வருஷங்களுக்கு முன்பே கடைக்கு வந்துவிட்ட சரக்கு. அதைச் செய்து, எடை போட்டு, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, மார்க்கு வாங்கிய பிறகு சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் வருகிறவர்களும் அதையே செய்து அதே சாக்கடையில் கொட்டுகிறார்கள்.

பயிற்சிக்காகச் செய்வதுதானே என்பார்கள். பயிற்சி கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. தச்சு வேலை பழகுகிற பையன்கூட, பழகும்போதே ஒரு முக்காலியைச் செய்கிறான். அது ஆடினாலும் அதில் யாராவது உட்காருகிறார்கள். காலேஜுப் பையன் செய்கிறது மாத்திரம் ஏன் ஒருவருக்கும் உதவாமல் போகவேண்டும் என்பதுதான் நமது கேள்வி.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1908-ம் வருஷத்தில் வியன்னா நகரத்தில் பால் கெல்மோ என்ற மாணாக்கர் ஒருவர், டாக்டர் பட்டத்துக்காக ஒரு புதுப் பொருளைச் செய்தார். சல்பனிலமைடு என்று அதற்குப் பெயர். பட்டம் கிடைத்தது, பொருள் புத்தகத்தில் ஏறியது. சாயத் தொழிலுக்கு ஒரு சரக்காக உதவும் என்று வைத்துக்கொண்டார்களே ஒழிய, நோய்க் கிருமியை அது என்ன செய்யும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. 1932-ல் ஜெர்மனியில் ஒரு சாயக் கம்பெனியின் ரசாயனிகள் பிராண்டோசில் என்ற சிவப்புச் சாயம் ஒன்றைச் செய்தார்கள். கெர்ஹார்ட் டொமாக் என்பவர் அதைக் கிருமி ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் பிழைத்தன. 1935-ல் அவர் இதை வெளியிட்டார். அதே வருஷத்தில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார், அந்தச் சாயம் உடம்புக்குள் போய் உடைகிறது, உண்மையில் வேலை செய்வது சாயமல்ல, அதிலிருந்து பிரிகிற நிறமற்ற ஒரு துண்டுதான் என்று காட்டினார்கள். அந்தத் துண்டு எது? கெல்மோ செய்து வைத்த அதே சல்பனிலமைடுதான்!

இடையில் போனது 27 வருஷம். அதற்குள் 1914 முதல் 1918 வரை ஒரு மகா யுத்தம் நடந்து, காயத்தில் கிருமி புகுந்தே எண்ணற்ற சிப்பாய்கள் செத்தார்கள். பிரசவ ஜுரத்தில் எத்தனையோ தாய்மார்கள், பெற்ற குழந்தையின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் போனார்கள். விதி முடிந்தது, ஆகையால் போனார்கள் என்று பஞ்சாங்கக்காரர் சொல்லலாம். ஆனால் உண்மை வேறு. அவர்களில் பலரைப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய ஒரு பொருள் இருந்தும், ஓர் அலமாரியிலிருந்து பக்கத்திலிருந்த மேஜைக்கு அதைக் கொண்டுபோய்ச் சோதிக்க ஆளில்லை.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டதா? க்ஷயரோகத்தை எடுத்துக் கொள்வோம். 2023-ல் மாத்திரம் உலகத்தில் சுமார் 12½ லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். புதிதாக இந்நோய் காணுகிறவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் இந்தியர். இந்நோய்க்குப் பிரதானமான ரிபாம்பிசின் என்ற மருந்து 1960-களில் வந்தது. அதற்குப்பின் முற்றிலும் புதுவிதமாக வேலை செய்கிற பெடாகுயிலின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2012 டிசம்பரில். நாற்பது வருஷங்களுக்கு மேல் ஏன் இந்தத் தூக்கம்? நோயாளி ஏழை, அவன் வாங்கமாட்டான். கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அது லாபத்துக்காக வைத்தது, லாபக் கணக்குப் பார்க்கிறது. நாம் கேட்கிறது, சர்வகலாசாலையும் அதே கணக்கை ஏன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும் என்பதே.

நிற்க, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் வில்லியம் ஸ்காட், மார்டின் ஓடானல் என்ற இரு ரசாயனப் பேராசிரியர்கள் இந்தக் கேள்விக்குக் காரியத்தில் பதில் சொன்னார்கள். பணக்காரக் கம்பெனிகள் கைவிட்ட வியாதிகளுக்கு மருந்து தேடும் வேலையைச் சிறுசிறு துண்டாகப் பிரித்து, மாணாக்கரின் அன்றாடப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். கடுகைவிடச் சிறிய பிசின் மணிகளின்மேல் ஒரு பொருளை ஒட்டவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குகளை ஊற்றி, வேண்டாததைக் கழுவி விட்டு, கடைசியில் புதுப் பொருளை மணியிலிருந்து பிரித்தெடுக்கிற முறை அது. ஒரு மாணாக்கருக்கு ஆறு சிறு பாத்திரங்கள். ஒருவகைச் சரக்கில் இரண்டும், மற்றொரு வகையில் மூன்றும் கொடுத்தால், ஒன்றோடொன்று கூட்டி ஆறு பொருள்கள் ஆகும். இப்படியே வகைக்கு நூறு சரக்கு இருக்குமானால், கூட்டக் கூடியவை பதினாயிரம். எதைச் செய்வது என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஜாபிதா போட்டுக்கொள்ளலாம்.

பையன்கள் செய்கிற சரக்கை நம்பலாமா என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகவே போலந்து, ருஷியா, ஸ்பெயின் தேசங்களிலுள்ள சோதனைச் சாலைகளிலும் அதே முறையில் செய்து பார்த்தார்கள். அதன் விவரம் 2009-ல் அச்சாகி வெளிவந்தது. ஒருவர் செய்ததையே வேறு தேசத்தில் முகம் தெரியாத இன்னொருவரும் செய்து, இரண்டும் ஒத்துப்போனால் நம்புவதற்கு என்ன தடை? ரிஷி சொன்னார், ஆகையால் உண்மை என்கிற நம்பிக்கையல்லவே இது!

ஆஸ்திரேலியாவில் சிட்னியில் இதைப்போல் ஒன்று நடந்தது. டாராப்ரிம் என்ற பழைய மருந்தின் விலையை 2015-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று மாத்திரை 13½ டாலரிலிருந்து 750 டாலருக்கு ஏற்றிவிட்டது. 2016-ல் சிட்னியில் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர், சர்வகலாசாலை ரசாயனிகள் வழிகாட்ட, பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையிலேயே அந்த மருந்தில் 3.7 கிராம் செய்து காட்டினார்கள். செலவு சுமார் 20 டாலர். அதை அவர்கள் விற்கவில்லை, விற்கவும் முடியாது. ஆனால் விலைக்கும் அடக்கத்துக்கும் உள்ள தூரம் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

இதில் படிப்புக்கு என்ன லாபம் என்றால், அதுதான் பெரிய லாபம். இதுவரை ஒருவரும் செய்யாத பொருளைச் செய்கிற பையன் போன வருஷத்து நோட்டைப் பார்த்து எழுத முடியாது. தப்புச் செய்தால் மார்க்கு போவதோடு நிற்காது; அதைக் கிருமியின்மேல் சோதிக்கிறவருடைய வேலையும் கெடும் என்ற பொறுப்பு வரும். எல்லாவற்றையும்விட, உபாத்தியாயருக்கும் விடை தெரியாது. “எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்” என்று அவர் மாணாக்கர் முன் சொல்லியாகவேண்டும். குரு வாக்கே வேதவாக்கு என்று பழகிவந்த நாட்டில் இது சிலருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இன்னொரு கஷ்டமும் நமக்கே உரியது. வங்காளத்து ரசாயனப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் 1902-லும் 1909-லும் இரண்டு பாகமாக இந்து ரசாயன சரித்திரம் எழுதினார். ஒரு காலத்தில் இங்கே இருந்த விஞ்ஞானம் ஏன் அழிந்தது என்று அதில் ஆராய்ந்து, ஜாதியையும் காரணமாகக் காட்டினார். உருக்குகிறவனும் சாயம் தோய்க்கிறவனும் கீழ்ஜாதி என்று ஒதுக்கப்பட்டான். யோசிக்கிறவன் கையில் கரிபடாமல் இருந்துகொண்டான். கையும் மூளையும் பிரிந்தபின் இரண்டும் வற்றின. இப்படிச் சொன்ன அவர், பேராசிரியராக இருந்துகொண்டே மருந்துத் தொழிற்சாலையும் வைத்து நடத்தினார். இன்றும், தான் அழுக்காக்கிய கண்ணாடிக் குழாயைக் கழுவச் சிப்பந்தியைக் கூப்பிடுகிற பட்டதாரி இருக்கிறார் என்றால், ராய் சொன்ன வியாதி இன்னும் குணமாகவில்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

இங்கே நடக்காது என்று சொல்லுகிறவர்களுக்கு ஒன்று. 1956-ல் சென்னையில் ஆரம்பித்த க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையத்தார், நகரத்து ஏழை நோயாளிகளில் பாதிப்பேரை ஆஸ்பத்திரியில் வைத்தும் பாதிப்பேரை அவரவர் வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள். 1959-ல் அது வெளியானபின் பல தேசங்களில் சிகிச்சை முறையே மாறியது. 2008-ல் இந்திய அரசாங்கத்து ஆராய்ச்சிக் கவுன்சில், க்ஷயரோகத்துக்கு எல்லோரும் கூடி மருந்து தேடும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தபோது, காலேஜுப் பிள்ளைகள் பலர் தாமாக வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளிடம் குறையில்லை.

நாம் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. மாணாக்கர் செய்கிற ஆயிரம் பொருளில் ஆயிரமும் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம். உதவுகிறது ஒன்று கிடைத்தாலும் பிராணிகளிடத்தும், பிறகு மனிதரிடத்தும் சோதித்து மருந்தாக்கப் பத்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம். நல்ல கருவிக்குப் பணம் வேண்டும். ஆனாலும் உதவாது என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பொருளும், சோதிக்காமல் சாக்கடையில் கொட்டிய பொருளும் ஒன்றல்ல.

ஆகவே, ஒவ்வொரு சர்வகலாசாலையும் வருஷத்தில் ஒரு பருவத்தையாவது இதற்கென்று ஒதுக்கி, பிள்ளைகள் செய்கிற பொருளை வாங்கிச் சோதிப்பதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளட்டும். பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கும் தோழர்கள், அது லீவுக்கு வீட்டுக்கு வரும்போது மார்க்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், “நீ செய்த பொருள் எங்கே போயிற்று?” என்று கேட்கட்டும்.