உடலுக்கு விடுப்பு, துயருக்கு?

கருச்சிதைவுக்கு விடுப்பளிப்பதில் இந்தியா பின்தங்கிய நாடன்று. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே கருச்சிதைவுற்ற பெண்ணுக்கு ஊதியத்துடன் ஆறு வார விடுப்பை வழங்கியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதனைத் தக்கவைத்துள்ளது. ஆயினும், அது சான்று காட்டிப் பெறும் விடுப்பு, உடல் தேறுவதற்கானது. அங்கே ஓர் இறப்பு நேர்ந்ததாகச் சட்டம் கருதவில்லை. ஆகவே தந்தை அதன் கண்ணில் படுவதேயில்லை.

குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என நடுவணரசு 2022இல் தன் பெண் ஊழியர்க்கு ஆணையிட்டது. மனத்துயர் என்பதை அவ்வாணை வெளிப்படையாகவே ஏற்றது. ஆனால் அது தாயின் துயர் மட்டுமே.

நியூசிலாந்து 2021இல் கருச்சிதைவைத் துக்க விடுப்புக்குள் கொண்டுவந்து, தாய்க்கும் துணைவர்க்கும் மூன்று நாள் அளித்தது. நாள் குறைவுதான், எனினும் இழப்பை இழப்பென்றே அச்சட்டம் அழைத்தது. இது நமக்கு அந்நியமான பார்வையன்று. புறநானூற்றின் 74ஆம் பாடல் காட்டும் வழக்கத்தில் இறந்த குழவியும் ஓர் ஆளாகவே கொள்ளப்பட்டது.

ஆறு வாரத்தில் ஒரு நாளும் குறையவேண்டாம். அதனோடு பெற்றோர் இருவர்க்கும் ஒரு வாரமேனும் துக்க விடுப்பு எனும் பெயரிலேயே வேண்டும். பெயர் முக்கியம். இன்று அந்தத் தந்தை தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தில் காரணமென்று எழுதுவது, 'சொந்த வேலை'.