செங்குன்றத்திலிருந்து தொடங்குங்கள்



எர்ணாவூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் போர் விமானம் என்றால் உயிர். பிளாஸ்டிக் பொம்மைகள் போதாமல், உலோகத்தில் வார்த்த டைகாஸ்ட் மாடல்களைச் சேர்க்க ஆசைப்படுகிறானாம். முதலில் எதை வாங்கித் தருவது என்று கேட்கிறார். ஆலைப் பணியில் ஓய்வுபெற்ற பெரியவர்களும் இதையே கேட்பதால், பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

கடைகளில் முதலில் கண்ணில் படுபவை அமெரிக்காவின் எஃப்-16, எஃப்-22 வகைகள்தாம். நல்ல மாடல்கள், வாங்குவதில் தவறே இல்லை. ஆனாலும் முதல் விமானம் நம் மண்ணோடு ஒட்டுறவு உள்ளதாக இருக்கட்டும் என்பேன். அதைப் பற்றி வீட்டில் பேச ஏதாவது இருக்கும்; வாங்கிய பிறகும் தேடிப் படிக்கத் தோன்றும்.

செங்குன்றம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது குடிதண்ணீர். இரண்டாம் உலகப் போரில் அது விமானத்தளம். பிரிட்டிஷ் விமானப்படையின் 240வது ஸ்குவாட்ரன் 1942 முதல் அங்கிருந்து கேட்டலினா விமானங்களை இயக்கியது. ஓடுபாதை தேவையில்லை, படகு போன்ற அடிவயிற்றோடு தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும். இருபது மணி நேரம்கூட வானில் நின்று வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய இன்னொரு கேட்டலினாவில்தான் கனடா விமானி லியனர்ட் பர்ச்சல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு கொழும்புக்கு எச்சரிக்கை அனுப்பினார். மறுநாள் கொழும்பு குண்டுவீச்சுக்கு ஆளானது. அதே மாதம் குண்டுவீச்சுப் பயத்தில் சென்னையும் காலியானது. ராயபுரத்து மூத்த குடும்பங்களில் இந்த ‘எவாக்வேஷன்’ கதையை இன்றும் கேட்கலாம். கார்கி நிறுவனம் கேட்டலினாவை 1:72 அளவில் வெளியிட்டிருக்கிறது.

இன்னொன்று டிஃபயன்ட். போர் நிதிக்கு நம் மாகாணம் கொடுத்த பணத்துக்காக 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் பெயரோடு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்பதும் சேர்ந்தது. 264வது ஸ்குவாட்ரன் ஓட்டியது டிஃபயன்ட். விமானிக்கு முன்னால் சுடத் துப்பாக்கியே கிடையாது. முதுகில் சுழலும் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். 1940இல் பகல் சண்டைகளில் பலத்த இழப்பைச் சந்தித்து, பிறகு கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டு இரவுப் போர் விமானமாக மாறியது. அப்படியொரு கறுப்பு விமானத்தின் பெயர் ‘கோயம்புத்தூர் II’. டெஸ்மண்ட் ஹியூஸ் ஓட்ட, ஃபிரெட் காஷ் துப்பாக்கியைக் கவனித்தார். மாடல் பிரியர்களுக்கு நன்கு தெரிந்த விமானம் இது. அடிமைப்பட்ட நாட்டில், அந்நியர் நடத்திய போருக்காகத் திரட்டிய பணம் இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்றைய விமானங்கள் வேண்டுமென்றால் தஞ்சாவூரின் சுகோய்-30, சூலூரின் தேஜஸ், அரக்கோணத்தின் பி-8ஐ எல்லாம் நம்மவை. அன்று செங்குன்றத்துக் கேட்டலினா செய்த கடல் ரோந்தைத்தான் இன்று அரக்கோணத்து பி-8ஐ செய்கிறது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்பது ஆண்டு வரலாறு ஒரே தட்டில் அடங்கிவிடும்.

அடங்குமா என்பதுதான் அடுத்த கேள்வி! 1:72 என்றால் ஆறடி மனிதர் ஓரங்குலம். அந்தக் கணக்கில் கேட்டலினாவின் இறக்கை 44 செ.மீ., பி-8ஐ 52 செ.மீ., சுகோயின் நீளம் 30 செ.மீ. 1965 போரில் பெயர் வாங்கிய குட்டி நாட் விமானமோ 12 செ.மீ.தான். வாங்குமுன் அலமாரியை அளந்துவிடுங்கள். பெரிய விமானங்களுக்கு 1:200 போதும். போர் விமானங்களை 1:72இல் மட்டுமே வாங்குவது என்று முடிவுசெய்துகொண்டால் அளவு ஒப்பிடும் சுகம் கிடைக்கும். இந்த அளவில் நல்ல மாடல்கள் ஆயிரக்கணக்கில் விலை பிடிக்கும். சிறுவர்களுக்கு மைஸ்டோவின் சிறிய விமானங்களே முதலில் போதும்.

உலோகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணூர், பாடி, அம்பத்தூர் பட்டறைகளில் வார்ப்பு பார்த்த கைகள் உங்களுடையவை. துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம் சேர்த்து உருக்கி, எஃகு அச்சில் அழுத்தத்தோடு செலுத்தும் அதே டை காஸ்டிங்தான் இது. பார்ட்டிங் லைன் நேராக இருக்கிறதா, பிசிறு உண்டா என்று பார்க்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? பழைய மாடல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. உலோகத்தில் ஈயம் கலந்திருந்தால் நாளடைவில் உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியும். அதற்கு வைத்தியம் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது சக்கரக் கால்களையும் மூக்கு ஊசியையும் பெட்டியின் உள்தட்டையும் பார்த்து வாங்குங்கள்.

விளையாட்டுப் பொருள் நம் பகுதிக்குப் புதிதல்ல. 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். ஃபன்ஸ்கூலும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததே.

நம் ஊரில் பெரிய எதிரிகள் உப்புக் காற்றும் சாம்பல் தூசியும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், நேர் வெயில் படாத சுவர் – இவை அவசியம். அனல்மின் நிலையச் சாம்பல் நறநறவென்று இருக்கும். துணியால் அழுத்தித் துடைத்தால் வண்ணத்தில் கீறல் விழும். கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் புளோயரால் முதலில் ஊதிவிட்டு, மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டிவிடுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தில் செங்குன்றம் தளத்திலோ துறைமுகத்திலோ வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் சொன்னதை எழுதியனுப்புங்கள். புகைப்படமோ அடையாள அட்டையோ இருந்தால் நகல் மட்டும் போதும், அசல் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். எர்ணாவூர்த் தம்பி என்ன விமானம் வாங்கினான் என்பதையும் அவன் கையெழுத்திலேயே எதிர்பார்க்கிறோம். அதையும் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்