கூமுட்டையா, குஞ்சு வருமா? வெளிச்சம் சொல்லும்!

கோழி அடைகாக்கும் வீடுகளில், ஒரு வாரம் போனதும் ஒரு சோதனை நடக்கும். இருட்டறையில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடினால் குஞ்சு வரும். வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை!

இதே சோதனையை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் பல்லி முட்டைக்குச் செய்கிறார்கள். பல்லியா என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே 'லெப்பர்ட் கெக்கோ' நாய், பூனை போல ஒரு செல்லப் பிராணி. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகள்தான் இதன் பூர்வீகம். நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. ஆனால், பாதத்தில் ஒட்டும் தன்மை இல்லாததால் சுவரில் ஏற முடியாது.

தாய் அடைகாக்காது

பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகள். ஈர மண்ணில் புதைத்துவிட்டுத் தாய் போய்விடும், அடைகாக்காது. அதனால் வளர்ப்பவர்கள் முட்டைகளை எடுத்து, ஈரமான வெர்மிகுலைட் நிரப்பிய டப்பாவில் வைத்து, சீரான சூட்டில் பாதுகாக்கிறார்கள். ஆண் துணை இல்லாமலேயே பெண் பல்லி முட்டை இடுவது உண்டு. அவற்றில் கரு இருக்காது. இணை சேர்ந்திருந்தாலும் எல்லா முட்டையும் கரு கூடியதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எப்படிப் பார்ப்பது?

ஒரு வாரம், பத்து நாள் போனதும் அறையை இருட்டாக்கி, சூடேறாத சின்ன எல்.இ.டி. டார்ச்சை முட்டைக்கு அருகே பிடிக்க வேண்டும். சில விநாடிகள் போதும். இளஞ்சிவப்பு வளையமோ மெல்லிய ரத்த நாளங்களோ தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நாளாக ஆக, உள்ளே இருண்ட நிழல் பெரிதாகும். எங்கு பார்த்தாலும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தால் சந்தேகம்தான்.

புரட்டினால் போச்சு!

கோழி முட்டையைத் தினமும் புரட்டிவிட வேண்டும். தாய்க்கோழியே அலகால் அதைச் செய்யும். பல்லி முட்டையில் கதை தலைகீழ். இட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைத் திருப்பினால் கரு இறந்துபோகலாம். அதனால்தான் எடுத்த உடனே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார்கள். டார்ச் அடிக்கும்போதும் அந்தப் புள்ளி மேலேயே இருக்க வேண்டும். உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் போய், உயிரையே பறித்துவிடக் கூடாது அல்லவா?

தூக்கிப்போட அவசரம் வேண்டாம்

ஒரு தடவை நரம்பு தெரியவில்லை என்பதற்காக முட்டையைக் குப்பையில் போடக் கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். இந்த முட்டையின் ஓடு தோல் போல மென்மையானது. நடுவில் குழி விழுந்தால் ஈரம் குறைந்திருக்கலாம். முட்டையின் மேல் படாமல், சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரியாகிவிடுவதும் உண்டு. பொரியும் நாள் நெருங்கும்போது குழி விழுவது இயல்பு. முழுக்கச் சுருங்கி, பூஞ்சை படர்ந்து, துர்நாற்றம் அடித்தால்தான் அது கூமுட்டை.

இன்னொரு ஆச்சரியம்: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது சூடுதான். 26 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் பெரும்பாலும் பெண். 32 டிகிரி அளவில் வைத்தால் ஆண்கள் அதிகம். சூடு கூடினால் ஒன்றரை மாதத்திலேயே பொரியும்; குறைந்தால் இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும்.

அதுவரை டார்ச்சைத் தேவைக்கு மட்டும் எடுத்து, டப்பாவை அசைக்காமல் வைப்பதுதான் அந்த முட்டைக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம்!