குற்றவாளி லினக்ஸ் இல்லை

"லினக்ஸ் போட்டா வைஃபை வராது, விண்டோஸையே போடுங்கோ." கடைத்தம்பி சொன்ன தீர்ப்பு இது. நிறையப்பேர் இன்னும் இதை நம்பிக்கொண்டு திரியினம்.

என்ர பழைய லப்டொப்பில வைஃபை வரேல்லைத்தான். ஆனால் கேர்னல் பதிவைத் திறந்து பாத்தால், வைஃபை கார்ட் இருக்கிறது லினக்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு. டிரைவரும் இருக்கு. இல்லாதது கார்டில ஏற்றவேண்டிய ஃபேர்ம்வெயர். அதை வேற ஆக்கள் பகிரக்கூடாதெண்டு கார்ட் செய்த கொம்பனியே பூட்டி வச்சிருக்கு.

சரியெண்டு, பழைய அதெரோஸ் கார்ட் ஒண்டு வாங்கினன். அதின்ர ஏத்9கே டிரைவர் 2008 இலேயே கேர்னலுக்குள் வந்திட்டுது. தனி ஃபேர்ம்வெயரும் கேக்காது. பழசைக் கழட்டிப் புதுசைப் பூட்டி, சுவிட்சை அமத்தினால், "அனுமதியில்லாத கார்ட்" எண்டு லப்டொப் அப்பிடியே நிண்டிட்டுது. கவனியுங்கோ, லினக்ஸ் இன்னும் எழும்பவேயில்லை! தடுத்தது பயோஸ். தான் அனுமதிச்ச கார்ட்களின்ர பட்டியலை லப்டொப் கொம்பனி அதுக்குள்ள எழுதி வச்சிருக்கு. விண்டோஸ் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

நான் காசு குடுத்து வாங்கின பெட்டிக்குள்ள எந்தக் கார்ட் போடுறதெண்டு தீர்மானிக்க இவை ஆர்? திட்டுறதெண்டால் ஆளைப் பாத்துத் திட்டுங்கோ. பழைய லப்டொப் வாங்கப்போற ஆக்கள், காசு குடுக்க முதல் யூஎஸ்பியில லினக்ஸைக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கோ. தம்பி முறைப்பார். பரவாயில்லை.