ஐ7 ஸ்டிக்கருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கேம் விளையாடுவதற்கென்று புதிதாக கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குள் நுழைந்தால், முதலில் காதில் விழும் கேள்வி "ஐ3-யா, ஐ5-ஆ, ஐ7-ஆ சார்?" என்பதுதான். என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது. கோர் ஐ7 என்ற பெயர் 2008-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அன்று வந்ததும் ஐ7தான், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்ததும் ஐ7தான். ஆண்டைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லி விற்பது எளிது; ஏமாறுவதும் எளிது.

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார். "அண்ணா, ஐ7 போட்டுத் தர்றாங்க. 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் சேர்த்து அம்பதாயிரத்துக்குள்ள முடிச்சிடறேங்கறாங்க" என்றார். ஓவர்டைம் பார்த்து ஏழெட்டு மாதம் சேர்த்த பணம் அது. ப்ராசசரின் முழு எண்ணைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். வந்த பதில்: ஐ7-3770. அது 2012-இல் வெளியானது. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. அதில் 4 ஜிபி மெமரி இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய சிப்பால் இன்றைய பெரிய கேம்களை வரைந்து காட்ட முடியாது. சின்ன குழாயின் மேல் பெரிய தொட்டியை வைத்தால் தண்ணீர் வேகமாக வந்துவிடுமா?

இந்த 3770-ஐ 2022-இல் வந்த ஐ3-12100எஃப் உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட். அடிப்படை வேகம் முன்னதில் 3.4 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 3.3. காகிதத்தில் பழைய ஐ7 ஒரு படி மேலே தெரிகிறது அல்லவா? ஆனால் கேம்களில் அந்த ஐ3, இந்த ஐ7-ஐ வெகுதூரம் பின்னால் விட்டுவிடும். காரணம், ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் புதிய ப்ராசசர் முடிக்கும் வேலை மிக அதிகம். கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்கும் பழக்கம் பென்டியம் 4 காலத்தில் நமக்குத் தொற்றியது. அந்தக் காலத்திலேயே, குறைந்த கிளாக் வேகத்தில் ஓடிய ஏ.எம்.டி.யின் அத்லான் 64 பல கேம்களில் அதை முந்தியது. ஆனாலும் பழக்கம் போகவில்லை!

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் ப்ராசசர்களின் பட்டியல், ஒரு சில விதிவிலக்குகள் போக, 8-ஆவது தலைமுறையில்தான் தொடங்குகிறது. 3770 மூன்றாவது தலைமுறை. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்பார்கள். நம் பையன்கள் அதிகம் விளையாடும் வேலரண்ட், விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0-வும் செக்யூர் பூட்டும் இல்லாவிட்டால் திறக்காது. குறுக்கு வழி அங்கே உதவாது.

சரி, எதை வாங்குவது? முதலில் ப்ராசசரின் வேலை என்ன என்று பார்ப்போம். அசெம்பிளி லைனில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு ஸ்டேஷனில் 40 விநாடியில் வேலை முடிகிறது, அடுத்த ஸ்டேஷனில் 60 விநாடி ஆகிறது என்றால், லைனிலிருந்து 60 விநாடிக்கு ஒரு பொருள்தான் வெளியே வரும். முதல் ஸ்டேஷனுக்கு இன்னும் திறமையான ஆளைப் போட்டுப் பயனில்லை. கேமிலும் இதேதான். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்பதையெல்லாம் ப்ராசசர் கணக்கிட்டுக் கொடுக்க, கிராபிக்ஸ் கார்டு அதைப் படமாக வரைகிறது. ப்ராசசர் நொடிக்கு 120 ஃப்ரேமுக்குக் கணக்குப் போட்டாலும், கார்டால் 40 மட்டுமே வரைய முடிந்தால், திரையில் நீங்கள் பார்ப்பது 40தான். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவை கார்டைத்தான் பிழிந்தெடுக்கும். வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் ப்ராசசரின் பங்கு கூடுதல்.

எனவே, மொத்தப் பணத்தில் கால் பங்குக்கு மேல் ப்ராசசருக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. மிச்சமாவது கார்டுக்குப் போகட்டும். தனி கார்டு வாங்குவதாக இருந்தால், ஏ.எம்.டி. ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப் போதும். இரண்டும் 6 கோர், 12 த்ரெட். இரண்டும் 2022-இல் வந்தவை. இரண்டில் எது என்று நண்பர்களோடு சண்டை போட வேண்டாம். ப்ராசசர், மதர்போர்டு, ராம் மூன்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். குறைவாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். கை இன்னும் கடித்தால் 12100எஃப்.

கடைசியில் உள்ள 'எஃப்' என்ற எழுத்தைக் கவனியுங்கள். உள்ளேயே கிராபிக்ஸ் வசதி இல்லை என்று அர்த்தம். 5600-க்கும் அது கிடையாது. "கார்டை அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்பவர்கள் இவற்றை வாங்கினால் அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு 5600ஜி தான் சரி. அதிலுள்ள கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை. கம்ப்யூட்டரின் ராமையே பயன்படுத்துகிறது. ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாகப் போடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் இதன் எல்3 கேஷ் 16 எம்பிதான், 5600-இல் 32 எம்பி. கேம்களுக்குக் கேஷ் முக்கியம் என்பதால், கார்டு இப்போதே வாங்குகிறவர்கள் 'ஜி' பக்கம் போக வேண்டாம்.

"ஏ.எம்.5 மதர்போர்டு வாங்கு, நாளைக்கு ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே போட முடியும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதாயிரத்துக்குள் முடிக்க நினைப்பவர், நாளைய ப்ராசசருக்காக இன்றைய கார்டைக் குறைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெரும்பாலும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போகிறார்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். (தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசத் தெரிந்ததன் அருமை அங்கே பேரம் பேசும்போதுதான் புரியும்.) எல்லை தாண்டினால் வரி குறையும் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு ப்ராசசருக்கு இங்கும் அங்கும் 18 சதவீதம்தான். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால், குறைவது விலை மட்டுமல்ல, வாரன்டியும்தான். பெட்டியில்லாமல் தரும் 'டிரே' ப்ராசசருக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் வாரன்டி. பெட்டியோடு வருவதற்கு நிறுவனத்தின் மூன்று ஆண்டு வாரன்டி உண்டு. நான் மேலே சொன்ன ப்ராசசர்களுக்குப் பெட்டிக்குள்ளேயே கூலரும் இருக்கும். பெட்டியைக் கடையில் உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ப்ராசசரின் முழு எண்ணும், சீரியல் எண்ணும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வெறும் 'கோர் ஐ5' என்று எழுதியிருந்தால் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள்.